வழக்குரையும் குளிர்த்தியும்

பருவ விழாக்கள் தனிமனிதனைப் புதுப்பிக்கின்றன என்னும் கருத்து இன்று பல திசைகளிலிருந்தும் நம்மை வந்தடைகின்றது. இங்கிலாந்தில் 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் என்பார் சூனிய வழிபாடு பற்றிய தமது நூலை வெளியிட்ட பின்னர், கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட ஐரோப்பியக் குடியானவரின் விழாக்கள் எனத் தாம் கருதுவனவற்றை ஆண்டுக்கு எட்டாக வகுத்துக் கொண்டாடும் ஒரு கூட்டம் அங்கு வளர்ந்தது. நகரங்களில் வாழும் நடுத்தர வர்க்கத்தார் தீயை மூட்டிச் சுற்றி நின்று, உள்ளத்திலுள்ள பழையதை எரித்துப் புதியதை வரவேற்பதாகக் கூறுகின்றனர். அவர்களை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. இயற்கையினின்றும் உழைப்பினின்றும் பிரிக்கப்பட்ட மனிதன் அவ்விரண்டையும் தேடி அலைவது முதலாளித்துவ சமுதாயத்தின் நோய்க்குறி. நோயாளியைப் பார்த்துச் சிரிப்பது பண்பன்று. எனினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அறுவடை விழாக் கொண்டாடும் அவ்வட்டத்துள் அறுவடை செய்தவன் நிற்பதில்லை.

நம்மவரிடையேயும் இக்குரல் கேட்கத் தொடங்கியுள்ளது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வைகாசி மாதத்தில் நிகழும் கண்ணகை அம்மன் சடங்கைப் பற்றி இன்று எழுதுவோரும் பேசுவோரும் அதனை ‘மனச்சாந்தி’ என்றும் ‘அகமாற்றம்’ என்றும் ‘உளக்காயத்துக்கு மருந்து’ என்றும் போற்றுகின்றனர். கிராமியச் சடங்குகளை மூடநம்பிக்கையென ஒதுக்கிய பகுத்தறிவு ஒருபுறமும், ஆகமத்துக்குப் புறம்பானவையென ஒதுக்கிய சைவ ஆசாரம் மறுபுறமும் நின்ற காலத்தை எண்ணினால், இப்போற்றுதல் ஒரு முன்னேற்றமே. ஆனால் எதனைப் போற்றுகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். குளிர்த்தியைப் போற்றுகின்றனர், வழக்குரையை விட்டுவிடுகின்றனர். நாம் இங்கு ஆராயப் புகுவது இந்த விடுபாட்டையே.

எழுவான்கரையிலே செட்டிபாளையம், எருவில், படுவான்கரையிலே கன்னன்குடா, முதலைக்குடா, வடக்கே வந்தாறுமூலை, தெற்கே இன்று அம்பாறை மாவட்டத்துள் அடங்கிவிட்ட காரைதீவு, தம்பிலுவில் எனக் கண்ணகையின் கோயில்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுட் பல ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து வைகாசியில் மட்டுமே கதவு திறக்கும் மரபின. மாரியில் விதைத்த வேளாண்மை மாசி பங்குனியோடு வெட்டி முடிந்துவிடும். வட்டைகள் வெறுமையாகும். குளங்கள் வற்றும். கச்சான் காற்று அனலை அள்ளி வீசும். அம்மையும் பிற வெப்பு நோய்களும் பரவும் காலம் அது. அக்காலத்திலேதான் கதவு திறக்கப்பட்டு, கலியாணக்கால் நாட்டப்பட்டு, இரவுதோறும் ஏட்டிலிருந்து கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. பொங்கலுக்கான நெல்லைப் பெண்கள் கோயில் முன்றிலிலே குற்றுகின்றனர். இவையெல்லாம் நிறைவுற்ற பின்னரே, இறுதி இரவில், கப்புகனார் குளிர்த்திப் பாடலோடு மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரால் அம்மனைக் குளிர்விக்கின்றார். கூடி நிற்பவர்மீதும் அந்நீர் தெளிக்கப்படுகின்றது.

வெப்பத்தையும் நோயையும் தணிப்பதற்கு எழுந்த மந்திரச் சடங்கே இது என்று கூறிவிட்டு அப்பாற் செல்வது எளிது. நம் இயக்கத்து முன்னோர் சிலர் அவ்வாறே சென்றனர். ஆயின், பெரியம்மை உலகினின்றும் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது, குளிர்த்தி நின்றுவிடவில்லை. நோயே முழுக் காரணமாயின் நோய் ஒழிந்ததும் சடங்கும் ஒழிந்திருத்தல் வேண்டும். ஒழியாமையால், அது தணிக்க முனைந்த வெப்பம் உடலின் வெப்பம் மட்டுமன்று என்பது வெளிப்படை.

அந்த வெப்பம் யாதென்பதை வழக்குரையே விளக்குகின்றது. ஏடுகளிற் கிடந்த இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்து அச்சேற்றினார். அதற்கு நான்கு ஆண்டுகளின் முன்னரே ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதி இப்பிரதேசத்தின் பண்பாட்டை அறிஞருலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். நூலை எடுத்து நோக்கினால், இளங்கோவின் காப்பியத்தினின்றும் அது எவ்வளவு தூரம் விலகி வந்துள்ளதென்பது புலனாகும். கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடிக் கப்பலேறும் மீகாமன் இங்கு வருகின்றான். அவனோடு கடலிலே பொரும் வெடியரசன் வருகின்றான். கப்பல் வைத்தலும் கடலோட்டும் தனித்தனிக் காதைகளாய் விரிகின்றன. கடல்சார் மக்கள் தமது தொழிலையும் தமது பூசலையும் கதைக்குள் ஏற்றிவிட்டனர். பின்னர் அடைக்கலம், கொலைக்களம், வழக்குரைத்தல். ஈற்றில் குளிர்ச்சி. அரசன் முன்னே நின்று, சான்று காட்டி, அவன் தீர்ப்புப் பொய்யென்று நிறுவி, நகரையும் எரித்த பின்பே அவள் ஆயர் மகளிர் கையாற் குளிர்கின்றாள். வழக்கு உரைக்கப்படாமற் குளிர்ச்சிக்கு இடமில்லை. நூலின் வைப்புமுறையும் அதுவே. சடங்கின் வைப்புமுறையும் அதுவே.

வகுப்பறையிலே சிலப்பதிகாரம் கற்பிக்கும் நாம், கண்ணகியின் கற்பை ஒரு மணிநேரமும் அவளுடைய வழக்கைப் பத்து நிமிடமும் பேசி முடிக்கின்றோம். ஏடு படிக்கும் கிழவர் இவ்வகையில் நம்மினும் சிறந்த ஆசிரியர். அவர் வழக்கை இரவிரவாகப் படிக்கின்றார்.

இவ்விடத்திலே கிரேக்க நாடகம் நினைவுக்கு வருகின்றது. எஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய முந்நாடகத் தொகுதியின் இறுதியிலும் ஒரு வழக்கும் ஒரு குளிர்த்தியும் உண்டு. தாயைக் கொன்ற ஒரெஸ்டெஸைப் பழிதீர்க்கும் பெண்தெய்வங்கள் துரத்துகின்றன. அதீனா அமைத்த நீதிமன்றத்தில் வாக்குகள் சமமாக விழ, அவன் விடுதலை பெறுகின்றான். நிலத்தைப் பாழாக்குவோமென்று அத்தெய்வங்கள் சீறுகின்றன. அதீனா இனிய சொற்களாலே தணித்து, இருப்பிடமும் பூசையும் தருவதாக வாக்களித்து, அவற்றை விளைச்சலை வாழ்த்தும் தெய்வங்களாக மாற்றிவிடுகின்றாள். ஜார்ஜ் தொம்சன் 1941இல் வெளியிட்ட ‘எஸ்கிலஸும் ஏதென்ஸும்’ என்னும் நூலில், தாயுரிமை வீழ்ந்து தந்தையுரிமையும் தனிச்சொத்தும் அரசும் நிலைபெற்ற வரலாற்றை இந்நாடகத்திற் கண்டார். நம் நாட்டுப் பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்காமில் அவரிடம் பயின்றவர்கள் என்பதை வாசகர் அறிவர்.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. ஏதென்ஸிற் பெண்தெய்வங்கள் வழக்கிலே தோற்றன, தோற்றபின் தணிக்கப்பட்டன. மட்டக்களப்பிற் பெண் வழக்கிலே வென்றாள்; வென்றபின் குளிர்விக்கப்பட்டாள். முன்னையது அரசு தன் எதிர்ப்பாளருக்கு அளித்த சமாதானம். பின்னையது மக்கள் தம் வழக்காளிக்கு அளித்த உபசாரம். வீடும் வளவும் பெண்வழிச் சீதனமாய்ச் செல்லும், குடிமுறை தாய்வழியாய் அமையும் ஒரு நிலத்திலே இக்கதை இவ்வளவு ஆழமாக வேரூன்றியது தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம். யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்ததும், அதன்பின் அங்குள்ள கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேசுவரி முதலிய பெயர்களைப் பூண்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. அரசனைக் கேள்வி கேட்ட வணிகப் பெண் அங்கே அரசர்க்கெல்லாம் அரசியாக உயர்த்தப்பட்டாள். உயர்த்தியபோது அவள் கையிலிருந்த சிலம்பு எங்கே போயிற்று?

இனித் தனிமனித மாற்றத்துக்கு வருவோம். இவ்விழாக்களிலே மனிதன் மாறவில்லை என்று நாம் கூற வரவில்லை. மாறுகின்றான், ஆனால் தனியே மாறுவதில்லை. நேர்த்திக்கடனாக மடிப்பிச்சை எடுக்கும் வழக்கத்தைப் பார்க்கலாம். வயலும் வளவும் உள்ள வீட்டுப் பெண்ணும் மடியை ஏந்தி வாசல் வாசலாகச் செல்கின்றாள். தன்னிடம் வேலை செய்யும் கூலிக்காரியின் வாசலிலும் நின்று ஒருபிடி அரிசி வாங்குகின்றாள். கொடுப்பவளாகவே வளர்ந்தவள் வாங்குபவளாக நிற்கும் அக்கணத்தில் அவளுள்ளே ஏதோ அசையத்தான் செய்யும். அதனை அசைப்பது அவளது தியானமன்று. எதிரே நின்று அரிசி போடும் கை.

கூத்தும் இத்தகையதே. அறுவடை முடிந்த ஓய்வுக்காலத்தில் அண்ணாவியாரை அழைத்துச் சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், வீட்டுக்கு வீடு ஆடுதல் என மாதக்கணக்கில் நீளும் ஒரு கல்வி அது. பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவன் இரவு வட்டக்களரியில் வடமோடித் தாளக்கட்டுக்கு ஏற்பக் காலெடுத்து வைத்துக் கர்ணனாகின்றான். அவன் குரலும் தோளும் நிமிர்வும் மாறுகின்றன. போடியார் முன்னிலையிலே தலை குனிந்து நிற்பவன் அதே போடியாரைச் சபையிலே இருத்தி வைத்துக்கொண்டு அரசனாக முழங்குகின்றான். ஆளுமை வளர்ச்சி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? ஆனால் விடிந்ததும் கூலி அதே கூலிதான். கூத்து அவன் முதுகை நிமிர்த்துகின்றது. அவன் குத்தகையைக் குறைப்பதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்பவனே நேர்மையான விமரிசகன். முன்னையதை மட்டும் சொல்வோர் மக்கட் கலையின் பெயரால் மனப்பால் குடிக்கின்றனர். பின்னையதை மட்டும் சொல்வோர் நிமிர்ந்த முதுகின் பெறுமதியை அறியாதவர்கள்.

கொம்புமுறி விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் வடசேரி என்றும் தென்சேரி என்றும் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கமாகவும் மற்றது கண்ணகி பக்கமாகவும் நின்று, வளைந்த இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். ஒன்று முறியும். வென்றவர் தோற்றவரை வசைபாடித் தீர்ப்பர். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடும் அங்கெளியவும் இதுவே. பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் கணநாத் ஒபயசேகர அங்கெளியவை உளப்பகுப்பாய்வு முறையால் விளக்க முற்பட்டார். அவருடைய உழைப்பு மலைக்கத்தக்கது. அவர் கண்ட அடிமனத்து அச்சங்களும் பொய்யென நாம் கூறோம். ஆயினும் கயிற்றின் இருபுறமும் நூற்றுக்கணக்கானோர் நின்று இழுப்பதை ஒருவனுடைய அடிமனத்துக்குள் அடக்கிவிட்டால் எஞ்சுவது மிகச் சிறிது. ஊருக்குள் ஆண்டு முழுவதும் புகைந்த பகையை வெளிப்படையாகப் பேசவும் பாடவும் உரிமை தந்த நாள் அது. இங்கும் முதலில் வருவது வழக்கு. பின்னர்தான் நீர் தெளிப்பு.

இத்தனையும் நூலாராய்ச்சியோடு நின்றுவிடும் விடயமாயின் இவ்வளவு வற்புறுத்தி எழுத வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. அக்காலத்திலும் அதன் பின்னரும் இப்பிரதேசத்துத் தாய்மார் தம் பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்தனர். அங்கு விடை கிடையாதபோது அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோர் முன் வந்து நின்றனர். மகன் உயிரோடிருக்கின்றானா என்று கேட்டனர். அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் போர்க்காலத்தில் இங்கு வந்து வாக்குச் சொல்வோரின் பணியை ஆராய்ந்து எழுதினார். பேசுவதே ஆபத்தாயிருந்த அந்நாளில், அழிவைப் பற்றி வாய்திறந்து பேசக்கூடிய இடமாக அச்சடங்கு வெளி அமைந்ததென்பதை அவர் எழுத்து காட்டுகின்றது. வாக்குச் சொல்பவர் அடிபட்டவனின் நோவைத் தம் உடலில் ஏற்று நடித்துக் காட்டும்போது தாய் கதறி அழுதாள். அவ்வழுகைக்கு வேறெங்கும் அனுமதியில்லை.

இதனை ‘ஆற்றுப்படுத்தல்’ என்று பெயரிட்டுப் பாராட்டுவோர் பலர். ஆற்றியது உண்மை. ஆனால் அத்தாய் அங்கு வந்தது ஆறுதல் பெறவன்று, விடை பெற. அவள் கொண்டுவந்தது ஒரு வழக்கு. நீதிமன்றமும் பொலிசும் ஏற்க மறுத்த வழக்கை அம்மனிடம் பதிந்தாள். பின்னர் 1994இல் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறிற்று. வாக்குமூலங்கள் மீண்டும் மீண்டும் எழுதிக்கொள்ளப்பட்டன. அரசன் சிலம்பை உடைத்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. இந்நிலையில் அவளிடம் போய், சடங்கின் வழியே பழையதைக் கைவிட்டுப் புதியவளாய் மலர்க என்று உபதேசிப்பது யாருடைய வேலையைச் செய்வதாகும்? வழக்கைத் தள்ளுபடி செய்ய விரும்புவோரின் வேலையை அல்லவா?

குற்றத்தை வெளியே மட்டும் தேடுவதும் நேர்மையாகாது. சடங்கின் வட்டத்துக்கு எல்லையுண்டு. அவ்வெல்லையிற் பறை முழக்குபவர் நிற்கின்றார். அவர் முழக்கமின்றிச் சடங்கு தொடங்காது. ஆயினும் நெடுங்காலம் அவருக்கு உரிய இடம் வெளிவீதியாகவே இருந்தது. குடிகளுக்குத் திருவிழா உரிமை உண்டு, வண்ணக்கருக்கு முதன்மை உண்டு, அவருக்குக் கடமை மட்டுமே உண்டு. அவர் பிள்ளைகளுட் பலர் பறையைக் கீழே வைப்பதையே முன்னேற்றமாகக் கொண்டனர். பருவ விழாவினால் மனிதன் வளர்கின்றான் என்போர் இவ்விளைஞரை எண்ணிப் பார்க்கட்டும். இவன் வளர்ந்தது விழாவை விட்டு வெளியேறியதனால். பறை நமது தொன்மைக் கலையென்று இன்று மேடையிற் பேசுகின்றோம். அதனை முழக்கியவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனைப் பேசாமல் அவனை மீண்டும் முழக்க அழைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

எல்லைக்கு அப்பால் இன்னொருவரும் நிற்கின்றார். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவ்வூருக்கும் அயற் கண்ணகை கோயில்களுக்குமிடையே உள்ள தூரம் கூப்பிடு தூரம் என்று சொல்லுமளவினது. வயலிலும் வாவியிலும் சந்தையிலும் பிணைந்து வாழ்ந்த இரு சமூகங்கள் இவை. அவ்வழக்கை நம் முற்றங்களில் யார் படித்தார்? பாண்டியனைக் குற்றவாளியென்று இரவிரவாகப் பாடிய நாம், நமது பெயரால் ஆயுதம் ஏந்தியோர் அரசிருக்கையில் இருந்தபோது எந்தச் சிலம்பை எடுத்துக் காட்டினோம்? அச்சம் இருந்தது என்பது மெய். அச்சம் மட்டுமே இருந்தது என்பது மெய்யன்று. இவ்வழக்குகளையும் உள்ளடக்காத குளிர்த்தி நம் வீட்டுக்குள்ளே நாமே நீர் தெளித்துக்கொள்வதாகவே முடியும்.

சடங்கு மாறாப் பொருளன்று. மாற்றம் இப்போதும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. எத்திசையில் என்பதே வினா. சில கோயில்களில் நித்திய பூசையும் ஆகம முறையும் புகுந்து, கப்புகனாரின் இடம் சுருங்கி, வழக்குரைப் படிப்பு ஒரு சம்பிரதாயமாய்க் குறுகிவருவதைக் காண்கின்றோம். ஒலிபெருக்கி சினிமாப் பாட்டைப் பாடும். ஏடு மூலையில் ஒருவருக்குமன்றிப் படிக்கப்படும். குளிர்த்திக்கோ கூட்டம் பெருகுகின்றது. வழக்கு மெலியக் குளிர்த்தி தடிப்பது காலத்தின் அறிகுறி.

மறுதிசையிலும் முயற்சிகள் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’ தொடங்கிக் கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் மாணவராய் ஆடி வளர்ந்த சி. மௌனகுரு பின்னர் ‘சங்காரம்’ நாடகத்திலே வடமோடி ஆட்டத்தை ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டத்தின் மொழியாக்கினார். இவற்றின் சாதனையைக் குறைத்து மதிப்போர் நன்றி கொன்றவர். ஆயினும் மேடை மாறியபோது ஆடிய கிராமத்தவர் பார்வையாளராயினர் என்பதும் உண்மை. சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தோரும் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்விடத்திலேதான் முக்கியம் பெறுகின்றது. கூத்தைக் கிராமத்தினின்றும் பெயர்த்தெடுக்காமல், ஆடுபவரும் பார்ப்பவருமாக ஊரவரையே கூட்டி இருத்தி, பிரதியிலே சாதியும் பெண்ணும் சித்திரிக்கப்பட்ட முறையை அவர்களே விவாதித்து மாற்ற இடங்கொடுத்த முயற்சி அது. ஆண்களே பெண்வேடம் பூண்ட களரிக்குப் பெண்கள் வருவதற்கான வாயிலும் இத்தகைய முயற்சிகளாலேயே திறந்தது. விவாதத்திலே மனம் நொந்தோர் இருந்திருப்பர். நோகாமல் மாறியவர் யார்?

வழக்குரைக்கும் அவ்வாறு ஒரு மீளுருவாக்கம் வேண்டுமென்பது நமது துணிபு. ஏட்டைத் திருத்தச் சொல்லவில்லை. படிக்கும் இரவுகளை மீட்கச் சொல்கின்றோம். கண்ணகியின் வழக்கைப் பெரும்பாலும் ஆண்களே படித்துவந்துள்ளனர். முற்றத்தில் அமர்ந்து கேட்கும் பெண்களுட் பலரிடம் சொல்வதற்குச் சொந்த வழக்குகள் உள்ளன. மகனின் அடையாள அட்டைப் பிரதியையும் ஆணைக்குழு தந்த பற்றுச்சீட்டையும் ஒரே பொலித்தீன் உறையிலே மடித்து வைத்திருக்கும் அவர்களிடம் ஏட்டைக் கொடுத்தால் என்ன? வழக்குரைத்த காதை படிக்கப்படும் இரவில் ஒலிபெருக்கியைக் கோயிற் பக்கம் திருப்பி, பறை முழக்குவோரை முன்வரிசையில் இருத்தி, காத்தான்குடியிலிருந்து அழைக்கத்தக்கவர்களை அழைத்து, அந்த ஒரு காதையை முழுமையாகப் படித்து முடிக்க எந்த ஆகமமும் தடையில்லை. தடையாக எழப்போவது கோயில் நிருவாகக் கூட்டம். அங்கே எழுந்து பேசவேண்டியவர்கள் இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களுமே. அடுத்த வைகாசிக்கான கூட்டங்கள் சித்திரைக்குள் நடந்து முடிந்துவிடும்.